விண்ணில் ஒரு குடை: காம்பு யார் கையில்?

சென்ற மாதம் நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவு முடிந்து கீழ்க்கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு வழக்கம்போல் வெயிலில் வந்து நின்றது. நான் 1974-இல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது, குடியிருந்த வாடகை வீட்டில் மின்விசிறி கிடையாது. அதை மாட்டுவதற்கு ஒரு கொக்கிகூட வைக்காமல் கட்டியிருந்தார்கள். அதே பெங்களூரில் 2024 ஏப்ரலில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், "சார், விண்வெளியிலே சூரியனுக்கு எதிரே ஒரு குடையை விரித்துவிட்டால் பூமியே குளிர்ந்துவிடுமாமே, படித்தீர்களா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மூத்த அன்பர் ஒருவர், "அது சரி தம்பி, காம்பை யார் பிடித்துக்கொள்வது?" என்றதும் சிரிப்பு இன்னும் பலமாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வேடிக்கையாகக் கேட்கப்பட்ட காம்புக் கேள்விதான் இந்த விஷயத்தில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று தோன்றியது. கிடைத்ததைப் படித்துப் பார்த்ததில், பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அதைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உண்டு என்ற முடிவுக்கும் வந்தேன். ஏன் என்பதை விளக்குகிறேன்.

பொழுதுபோகாதவர்களின் கற்பனையா?

இல்லை. 1989-இல் ஜேம்ஸ் எர்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி, சுமார் 2,000 கிலோமீட்டர் அகலமுள்ள மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றைச் சந்திரனில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே செய்து, சூரியனுக்கும் பூமிக்கும் இடையே நிறுத்தலாம் என்று எழுதினார். 2006-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வானியல் அறிஞர் ரோஜர் ஏஞ்சல், ஒரே பெரிய தகட்டுக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிராம் எடையுள்ள சின்னஞ்சிறு தகடுகளை மேகம்போல் பரப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2023-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் இஷ்ட்வான் சபுடி, குடையை ஒரு குறுங்கோளோடு கயிற்றால் பிணைத்துவிட்டால் எடையை வெகுவாகக் குறைக்கலாம் என்றார். அதே ஆண்டு யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் சந்திரனின் புழுதியை வாரி இறைத்தாலே போதும் என்று ஒரு யோசனை வெளியிட்டார்கள். இவர்கள் எவரும் விளையாட்டுக்கு எழுதியவர்கள் அல்லர்.

குடையை நிறுத்த நினைக்கும் இடமும் நமக்குப் புதிதல்ல. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், லக்ராஞ்சி என்ற பிரெஞ்சு கணித மேதையின் பெயரால் வழங்கும் ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே வைத்த பொருள் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரும். நம் நாட்டின் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-ஆம் தேதி அந்தப் புள்ளியைச் சுற்றிய பாதையை அடைந்தது. கலம் உருவானது நம் பெங்களூரில். அதன் முக்கியக் கருவியைச் செய்து கொடுத்ததும் இங்குள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி அம்மையார் செங்கோட்டையில் பிறந்தவர். எனவே இது ஏதோ வெள்ளைக்காரர் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

குடை என்றவுடன் பூமியின்மேல் கறுப்பாக நிழல் விழும் என்று பயப்பட வேண்டாம். அவ்வளவு தூரத்தில் 2,000 கிலோமீட்டர் அகலத் தகடு சூரியனின் முகத்தில் வைத்த பொட்டுப் போலத்தான் இருக்கும். சூரிய வட்டத்தின் அகலத்தில் அது ஏழில் ஒரு பங்கு. பரப்பில் பார்த்தால் ஐம்பதில் ஒரு பங்கு. ஆக, உலகம் முழுவதும் வெயில் இரண்டு சதவீதம் குறையும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் காற்றில் கரியமில வாயு இரு மடங்கானால் ஏறக்கூடிய வெப்பத்தை ஏறத்தாழ ஈடுகட்ட அந்த இரண்டு சதவீதம் போதும் என்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம்

ரோஜர் ஏஞ்சல் கேட்பது 16 லட்சம் கோடி தகடுகள். மொத்த எடை சுமார் 2 கோடி டன். நம் ஆதித்யாவின் எடை ஏறக்குறைய ஒன்றரை டன். அதாவது ஒரு கோடியே முப்பது லட்சம் ஆதித்யாக்கள். நாளைக்கு ஒன்று வீதம் ஏவினால் முப்பத்தாறாயிரம் ஆண்டுகளுக்குமேல் ஆகும்! இது ராக்கெட்டால் ஆகாத காரியம் என்று அவருக்கே தெரியும்; அதனால்தான் மின்காந்த விசையால் வீசியெறியும் பீரங்கி போன்ற ஏற்பாட்டைச் சொன்னார். செலவு பல லட்சம் கோடி டாலர். சபுடியின் முறையில் பூமியிலிருந்து அனுப்ப வேண்டியது 35,000 டன்தான் என்றாலும், அதுவும் இருபத்துமூவாயிரம் ஆதித்யாக்களுக்குச் சமம். தவிர, இன்றைக்கு அவ்வளவு மெல்லிய தகட்டைச் செய்யவும் யாருக்கும் தெரியாது. குறுங்கோளை இழுத்துக் கட்டவும் தெரியாது.

"அப்படியானால் கவலையை விடுங்கள், நடக்கப்போவதில்லை" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. 1974-இல் ஊருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு அரை நாள் காத்திருந்தவன் நான். இன்று என் பேத்தி நடந்துகொண்டே அமெரிக்காவில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். முடியாது என்ற வார்த்தையை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஒரு காரியம் முடியுமா என்று பார்க்கும்போதே முறையா என்றும் பார்த்துவிட வேண்டும். முடிந்த பிறகு முறை பேசுவோரின் குரல் எடுபடாது.

மழைக்கு என்ன பதில்?

குடை வெப்பத்தைக் குறைக்கும். மழையை என்ன செய்யும்? என் கவலை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கடல்நீர் ஆவியாகித்தான் மழையாகிறது. அதற்கு வேண்டிய சக்தியைத் தருவது வெயில். கரியமில வாயு ஏறிக்கிடக்கும் உலகில் வெப்பத்தைப் பழைய அளவுக்கு இறக்க வேண்டுமானால் வெயிலைப் பழைய அளவுக்கும் கீழே குறைக்க வேண்டியிருக்கிறது. வெப்பமானி பழைய எண்ணைக் காட்டும். ஆனால் ஆவியாகும் நீர் பழைய அளவில் இராது. கரியமில வாயு நான்கு மடங்கான உலகை வெயிலைக் குறைத்துக் குளிர்வித்தால் என்ன ஆகும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். வெப்பம் பழையபடி வந்தது. உலகின் சராசரி மழை நான்கைந்து சதவீதம் குறைந்தது. பருவமழையை நம்பியிருக்கும் நிலப்பகுதிகள் பலவற்றிலும் குறைவு தெரிந்தது.

கம்ப்யூட்டர் கணக்கை நம்பாதவர்களுக்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாடுபோ எரிமலை வெடித்து, வானத்தில் கந்தகப் படலம் பரவி, உலகின் வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. அந்த அக்டோபர் முதல் அடுத்த செப்டம்பர் வரையிலான ஓராண்டில் உலகின் நிலப்பகுதிகளில் மழை கணிசமாகக் குறைந்தது என்றும், ஆறுகள் கடலில் கொண்டுசேர்த்த நீரும் என்றுமில்லாத அளவு குறைந்தது என்றும் பின்னர் கணக்கெடுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு சாட்சி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. இதைக் கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர் வீரபத்ரன் ராமநாதன். மதுரையில் பிறந்தவர். பதினோராவது வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து, தமிழில் படித்துப் பழகிய பிள்ளை திடீரென்று ஆங்கிலப் பள்ளியில் உட்கார்ந்து தடுமாறியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கதை இது! பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று அமெரிக்கா சென்றார். 1999-இல் இந்தியப் பெருங்கடலில் அவர் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வில், தெற்கு ஆசியாவின்மேல் குளிர்காலத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு புகைப்படலம் கவிந்திருப்பது தெரியவந்தது. வண்டிப் புகை, ஆலைப் புகை, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து நாமே நமக்குப் பிடித்துக்கொண்ட குடை அது. அந்தப் படலம் நம் பகுதியில் ஏறியிருக்க வேண்டிய வெப்பத்தில் பாதி வரை மறைத்திருக்கலாம் என்றும், அதேசமயம் கடலின்மேல் விழும் வெயிலைக் குறைத்துப் பருவமழையை நலியச் செய்திருக்கலாம் என்றும் 2005-இல் அவரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். புகை வேறு, விண்வெளித் தகடு வேறுதான். புகை ஓரிடத்தில் அடர்ந்திருக்கும். தகடு எங்கும் ஒரே சீராகக் குறைக்கும். ஆனாலும் வெயிலில் கைவைத்தால் மழையிலும் கைவைத்ததாகிறது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

நான்கு சதவீதம் என்பது என்ன?

டெல்லியிலோ ஜெனீவாவிலோ இருப்பவர்களுக்கு மழை நான்கு சதவீதம் குறைவது வெறும் புள்ளிவிவரம். நமக்கு அப்படியல்ல. குடகில் மழை கொட்டி அணைகள் நிரம்பி வழிகிற ஆண்டில் காவிரி என்ற சொல்லே இந்த ஊர்ச் செய்தித்தாள்களில் அதிகம் தென்படாது. மழை பொய்த்தால்தான் நடுவர் மன்றமும் நீதிமன்றமும் கொடும்பாவியும் வருகின்றன. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததையும், நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு இருந்ததையும், தமிழ்ப் பெயர்ப்பலகைகளைத் துணிபோட்டு மூடியதையும் யார் மறந்தோம்? அந்த வாரம் என் மனைவி கடைத்தெருவில் என்னோடு தமிழில் பேசாமல் சைகை காட்டினாள். முப்பதாண்டுகளாக எங்களோடு பழகிய பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள்தான் எங்களுக்குப் பாலும் காய்கறியும் வாங்கிவந்து கொடுத்தார். அவர் குடிப்பதும் காவிரி, நாங்கள் குடிப்பதும் காவிரி.

ஆதித்யா கிளம்பிய 2023-ஐயே பாருங்கள். அந்த ஆகஸ்ட் 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். செப்டம்பர் 2-ஆம் தேதி ராக்கெட்டைப் பார்த்து எல்லோரும் ஒன்றாகக் கைதட்டினோம். செப்டம்பர் 26-ஆம் தேதி காவிரிக்காகப் பெங்களூரில் கடையடைப்பு. அடுத்த மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டாங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தோம். மழை சற்றே தடுமாறினால் இரண்டு மாநிலங்கள் எவ்வளவு தூரம் தடுமாறும் என்பதற்கு நாமே சாட்சி. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் குடையைச் சற்றே சாய்த்ததால்தான் மழை குறைந்தது என்று ஒரு பேச்சு எழுந்தால் என்ன ஆகும்? அது உண்மையாகக்கூட இருக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும்.

காம்பு விஷயம்

இப்போது அந்த மூத்த அன்பரின் கேள்விக்கு வருகிறேன். லக்ராஞ்சிப் புள்ளியில் வைத்த பொருள் தானாக நிலைத்து நிற்பதில்லை. குன்றின் உச்சியில் வைத்த பந்துபோல, விட்டால் நழுவும். அவ்வப்போது தள்ளிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். போதாததற்குச் சூரிய ஒளியே மெல்லிய தகட்டைத் தள்ளும். ஆகவே குடை விரித்தவர் கையை எடுக்க முடியாது; அந்தக் கைதான் காம்பு.

எத்தனை காலத்துக்கு? நாம் விடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே நிற்கும். குடை இருக்கிறதே என்ற தைரியத்தில் புகையை விட்டுக்கொண்டே போய், ஒரு நாள் போரினாலோ பணமின்மையாலோ குடை சாய்ந்தால், மறைத்து வைத்த வெப்பம் முழுவதும் பத்திருபது ஆண்டுகளில் ஒன்றாக வந்து இறங்கும். பயிரும் காடும் அதற்கு ஈடுகொடுக்கா. இன்னொன்று: குடை கடலைக் காப்பாற்றாது. கரியமில வாயு கரைந்து கடல்நீரின் அமிலத்தன்மை தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிட 30 சதவீதம் அளவுக்கு ஏறியிருக்கிறது. நிழல் பிடித்தால் அது இறங்காது.

பல நூற்றாண்டுகள் இடைவிடாமல் காம்பைப் பிடிக்கப்போகிறவர்கள் யார்? 2015-இல் பாரிஸில் எல்லா நாடுகளும் கூடிப் போட்ட ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020-இல் விலகியது, 2021-இல் சேர்ந்தது, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. பத்தாண்டுக்கு ஒரு வாக்கைக் காப்பாற்ற இயலாத உலகம் இது.

சட்டமாவது இருக்கிறதா என்றால் அதுவும் போதாது. 1967-இன் விண்வெளி ஒப்பந்தம், விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல என்கிறது. 1976-இல் ஐ.நா. ஏற்ற இன்னோர் ஒப்பந்தம், இயற்கைச் சூழலைப் பகைமை நோக்கோடு மாற்றுவதைத் தடுக்கிறது. உலக நன்மைக்கு என்று சொல்லி ஒருவர் குடை விரித்து, அதனால் இன்னொருவர் வயல் காய்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதற்கு இரண்டிலும் தெளிவான பதில் இல்லை. வெயிலைக் குறைக்கும் முறைகளை ஆராய ஒரு நிபுணர் குழு வேண்டும் என்று 2024-இல் நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் கூட்டத்தில் சுவிட்சர்லாந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. உடன்பாடு ஏற்படாமல் அது திரும்பப் பெறப்பட்டது. பேசுவதற்கே உடன்பாடு இல்லை!

தமிழர்களுக்குக் குடையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புறநானூற்றின் 35-ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவன் முன் நின்று, அவனுடைய வெண்கொற்றக்குடை வெயிலைத் தடுக்க எடுத்ததன்று, வாடும் குடிமக்களுக்கு நிழல் தர எடுத்தது என்று நினைவூட்டுகிறார். வானம் பொய்த்தாலும், விளைவு குறைந்தாலும், மனிதர் செயலால் இயற்கைக்கு மாறான கேடு வந்தாலும் மக்கள் அரசனைத்தான் குறை சொல்வார்கள் என்றும் எச்சரிக்கிறார். மன்னன் அவருக்கு நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்தான் என்று அப்பாடலின் குறிப்பு கூறுகிறது. குடை பிடிப்பவன் மழைக்கும் பொறுப்பு என்பதுதான் அந்தப் புலவர் வகுத்த நீதி. இன்று குடை செய்ய எண்ணுவோர் அகலத்தையும் எடையையும் செலவையும் சொல்கிறார்கள். மழைக்குப் பொறுப்பு யார் என்பதற்கு மட்டும் இன்னும் பெயர் எழுதப்படவில்லை.

"வெள்ளத்தில் போகிறவன் படகு யாருடையது என்று கேட்டுக்கொண்டிருப்பானா?" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். 2024-இல் உலகின் சராசரி வெப்பம் பழைய அளவைவிட ஒன்றரை டிகிரிக்குமேல் போய்விட்டது. வெப்பம் ஏற ஏறப் பருவமழையும் ஒரேயடியாகக் கொட்டுவதும் ஒரேயடியாகக் காய்வதுமாகத் தாறுமாறாகிறது. சும்மா இருப்பதும் ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படகு இன்னும் கட்டப்படவில்லை. கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும் ஒன்றைக் காட்டி இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவதுதான் என் அச்சம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஆராய்ச்சியைத் தடுக்கக்கூடாது. நாமே செய்ய வேண்டும். அந்தப் புள்ளிக்குக் கலம் அனுப்பிய மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பருவமழையை ஆழ்ந்து அறிந்த விஞ்ஞானிகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். வெயில் இரண்டு சதவீதம் குறைந்தால் குடகு மலையில் என்ன பெய்யும், தஞ்சைக்கு என்ன வரும் என்ற கணக்கை மேலைநாட்டார் போட்டுத் தரும்வரை நாம் காத்திருக்கலாகாது.

இரண்டாவது, மழையால் வாழும் நாடுகளின் சம்மதமின்றியும், நஷ்டத்துக்கு ஈடு இன்னார் தருவார் என்ற எழுத்தின்றியும் எவரும் குடை விரிக்கக்கூடாது என்று ஐ.நா.வில் இந்தியா இப்போதே பேச வேண்டும். பிறகு பேசினால் காரியத்துக்கு உதவாது.

மூன்றாவது, புகையைக் குறைப்பதுதான் முதல் மருந்து. நம் நாட்டில் தலைக்கு வரும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு என்பது உண்மை. பெரிய பங்கு பணக்கார நாடுகளுடையது என்பதும் உண்மை. அதற்காக, அடுத்த தெருவிலுள்ள கோயிலுக்குக் காரில் போய்வரும் நம் பழக்கம் நியாயமாகிவிடாது.

நம் சங்கத்தால் ஆவதும் ஒன்று உண்டு. பட்டிமன்றங்களில் எத்தனையோ தலைப்புகளை அலசியிருக்கிறோம். இந்தத் தலைப்பில் ஒரு மாலைக் கூட்டம் வைத்து, ஊரிலுள்ள விஞ்ஞானிகள் ஒருவரிருவரையும் கன்னட நண்பர்களையும் அழைத்துப் பேசச் செய்யலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். காவிரியைப் பற்றிச் சண்டையில்லாமல் இரு மொழியாரும் ஒரே மேடையில் பேச இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

காபிக் கோப்பையோடு கேள்வி கேட்ட இளைஞருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: தம்பி, குடை செய்ய முடியுமா என்று உங்கள் தலைமுறை ஆராயட்டும். ஆனால் விரிப்பதற்குமுன், காம்பைப் பிடிப்பவர் யார், மழை தவறினால் அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தலைமுறை பல விஷயங்களில் அப்படிக் கேட்காமல் இருந்துவிட்டது.